போருக்கு யாரு வீட்டுப் பிள்ளை போகுது?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். என்னை பேச கூப்பிட்ட நிலையத்துக்கும் நன்றி. அமெரிக்கா வெளிநாட்டுல போய் நடத்தின போர்களைப் பத்தி பேசுங்கன்னு சொன்னாங்க, அது ஒரு நாள்ல பேசி தீர்ற விஷயம் இல்ல, அதனால ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன். போர்னு முடிவு எடுக்கறது யாரு, அதுக்கு போறது யாரு வீட்டுப் பிள்ளை? இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற தூரம் கடந்த 50 வருஷத்துல எவ்வளவு அதிகமாயிருக்குன்னு பாத்தாலே மத்த பல விஷயம் புரிஞ்சிடும்ங்க.

1969 டிசம்பர் 1, ராத்திரி, வாஷிங்டன். வியட்நாம் போர் நடந்துட்டிருக்கு, கட்டாயமா படைக்கு யாரை எடுக்கறதுன்னு குலுக்கல். ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதுக்குள்ள நீல கலர் பிளாஸ்டிக் குப்பிங்க 366, ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் ஒரு பிறந்த தேதி எழுதின சீட்டு. டிவில நேரலையா காட்டறாங்க. ஹாஸ்டல்ல, பார்ல, வீட்டு கூடத்துல எல்லாம் பசங்க மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. நியூயார்க்லேர்ந்து வந்த ஒரு காங்கிரஸ் உறுப்பினர் கைய விட்டு முதல் குப்பிய எடுக்கறாரு, செப்டம்பர் 14. அவ்ளோதான், 1944-லேர்ந்து 1950-க்குள்ள செப்டம்பர் 14-ல பிறந்த அத்தனை பசங்களுக்கும் நம்பர் 1, முதல்ல கூப்பிடப் போறது அவங்களைத்தான். அந்த குலுக்கல்ல 195-ஆம் நம்பர் வரைக்கும் கூப்பிட்டாங்க. 300-க்கு மேல விழுந்தவன் படிக்கப் போனான், கல்யாணம் பண்ணான், அவன் பாட்டுக்கு வாழ்ந்தான்.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா சீட்டை சரியா குலுக்கவே இல்ல. ஜனவரி, பிப்ரவரின்னு மாச வரிசையில போட்டுட்டு லேசா கலந்திருக்காங்க, அதனால வருஷக் கடைசியில பிறந்த பசங்களுக்கு, குறிப்பா நவம்பர், டிசம்பர் பசங்களுக்கு, சின்ன நம்பர் அதிகமா விழுந்துடுச்சு. புள்ளியியல் நிபுணர்கள் கணக்கு போட்டு காட்டினப்புறம் அடுத்த வருஷம் முறைய மாத்தினாங்க. ஆனா முதல் குலுக்கல் செல்லும்னுட்டாங்க. டிசம்பர்ல பிறந்ததுக்காக வியட்நாம் காட்டுக்கு போன பசங்க இருக்காங்கன்னு நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறாது.

சரி, குலுக்கல்னா எல்லாரும் சமம்தானேன்னு கேப்பீங்க. அதுக்கு முன்னாடி இருந்த முறையில சமம்ங்கற பேச்சே கிடையாது. காலேஜ்ல படிச்சா தள்ளி வைப்பாங்க, டாக்டர் சர்டிபிகேட் இருந்தா விடுவாங்க, செல்வாக்கு இருந்தா நேஷனல் கார்டுங்கற, பெரும்பாலும் உள்நாட்டுலயே இருந்த துணைப் படையில இடம் கிடைக்கும். பின்னாடி ஈராக் போருக்கு பெரிய காரணமா இருந்த துணை ஜனாதிபதி டிக் செனி அஞ்சு தடவ தள்ளி வெச்சுக்கிட்டாரு. ஜார்ஜ் புஷ் ஜூனியர் டெக்ஸஸ் ஏர் நேஷனல் கார்டுல இருந்தாரு. டிரம்ப்புக்கு குதிகால் எலும்புல பிரச்சனைன்னு 1968-ல விலக்கு. பில் கிளின்டனும் போகல, அதனால இது ஒரு கட்சியோட கதைன்னு நினைச்சுக்காதீங்க. அதே காலத்துல பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா ஒரு திட்டம் கொண்டு வந்தாரு, பரிட்சையில தேறாதவங்களையும் படையில சேர்க்கற திட்டம், 1966-ல ஆரம்பிச்சு 3 லட்சத்துக்கும் மேல ஆளுங்களை அப்படி எடுத்தாங்க, பெரும்பாலும் ஏழைப் பசங்க, அதுல கறுப்பினத்தவங்க நிறைய. போக மாட்டேன்னு நேருக்கு நேர் சொன்ன முகமது அலிக்கு பட்டமும் போச்சு, குத்துச்சண்டை போட லைசென்சும் போச்சு, 1971-ல சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்றதுக்குள்ள அவரோட நல்ல வயசு ஓடிடுச்சு. வாஷிங்டன்ல வியட்நாம் போர் நினைவா இருக்கற அந்த கறுப்பு கல் சுவருல இன்னைக்கு 58,000-க்கும் மேல பேர் செதுக்கியிருக்கு.

1973-ல கட்டாய ராணுவம் நின்னுச்சு. நல்ல விஷயம்தான், யாரையும் புடிச்சிட்டுப் போகக் கூடாதுன்னுதான் நானும் சொல்வேன். ஆனா அதோட சேர்ந்து வேற ஒன்னும் நடந்துச்சு. முன்னாடி நடுத்தர வர்க்க வீட்ல படைக்கு வரச் சொல்லி ஒரு தபால் வந்தா அந்த அம்மா அப்பா தங்கள் எம்பிக்கு லெட்டர் போடுவாங்க, ஊர்வலம் போவாங்க, ஓட்டுல காட்டுவாங்க. அந்த பயம் அரசியல்வாதிக்கு இல்லாம போச்சு. இப்ப முழுநேர படையில இருக்கறது சுமார் 13 லட்சம் பேரு, ஜனத்தொகையில நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல. அதுவும் ஒரு சில குடும்பத்துலேர்ந்தே திரும்பத் திரும்ப வர்றாங்க, தாத்தா, அப்பா, புள்ளன்னு. தெற்கு மாநிலங்கள் ஜாஸ்தி. டெக்ஸஸ்ல கிளீன், நார்த் கரோலினால ஃபேயட்வில் மாதிரி முகாம் ஊருங்கள்ல யாரைக் கேட்டாலும் வீட்ல ஒருத்தர் போயிருப்பாங்க. பெரிய சிட்டில ஐடி வேலை பாக்கற ஒருத்தருக்கு யூனிஃபார்ம் போட்ட ஒரு ஆளைக் கூட பேர் சொல்லித் தெரியாது. நான் யாரையும் குறை சொல்லல, நிலைமை அப்படி ஆயிடுச்சு.

சேர்றவங்க ஏன் சேர்றாங்க? நாட்டுப்பற்று நெஜமாவே இருக்கு, அத கேலி பண்றவங்களை எனக்குப் பிடிக்காது. அதோட காலேஜ் ஃபீஸ் இருக்கு, மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கு, ஊர்ல வேற வேலை இல்ல. பள்ளிக்கூடங்க மாணவர்களோட பேரு, அட்ரஸ், போன் நம்பரை ஆள் சேர்க்கறவங்களுக்கு குடுக்கணும்னு 2002-ல வந்த கல்விச் சட்டத்துலயே ஒரு பிரிவு வெச்சாங்க. வேணாம்னா பெத்தவங்க எழுதிக் குடுக்கணும், அப்படி ஒன்னு இருக்கறதே முக்கால்வாசி பேருக்குத் தெரியாது.

இப்ப 2001-க்கு வருவோம். ரெட்டை கோபுரம் விழுந்து மூணே நாள், செப்டம்பர் 14. போர் அதிகாரத்தை ஜனாதிபதி கையில குடுக்கற தீர்மானம், மொத்தமே ஏறக்குறைய 60 வார்த்தைதான். செனட்ல 98-க்கு 0. கீழ்சபையில 420 பேர் ஆதரவு, எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு, கலிபோர்னியாவோட பார்பரா லீ. இதுக்கு எல்லை இல்ல, கால அளவு இல்ல, தொகை எழுதாம கையெழுத்து போட்ட செக் மாதிரி குடுக்காதீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. கொலை மிரட்டல் வந்து போலீஸ் பாதுகாப்போட நடமாட வேண்டியதாச்சு. அவங்க பயந்தது அப்படியே நடந்துச்சு, அந்த சின்ன தீர்மானத்தை வெச்சு ஆஃப்கானிஸ்தானைத் தாண்டி ஏமன், சோமாலியா, சிரியான்னு போயிட்டாங்க. முறையா போர் பிரகடனம்னு அமெரிக்க காங்கிரஸ் கடைசியா பண்ணது 1942-லன்னா நம்புவீங்களா?

பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. ரெண்டாம் உலகப் போர்ல வரி ஏத்தினாங்க, போர் பத்திரம் வித்தாங்க, சர்க்கரையும் பெட்ரோலும் ரேஷன்ல குடுத்தாங்க, அப்ப ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் போர் நடக்குதுன்னு தெரியும். 2001-லயும் 2003-லயும் வரியக் குறைச்சாங்க. போரு முழுக்க கடன்ல ஓடுச்சு. பிரவுன் பல்கலைக்கழகத்துல ஒரு குழு வருஷக்கணக்கா இதையே கணக்கு போடறாங்க, 2021-ல அவங்க சொன்ன தொகை 8 டிரில்லியன் டாலர், அதாவது 8 லட்சம் கோடி டாலர். அதுல 2 லட்சம் கோடிக்கு மேல இனிமேல்தான் செலவாகப் போகுது, திரும்பி வந்தவங்களோட வைத்தியத்துக்கும் பென்ஷனுக்கும், 2050 வரைக்கும். இன்னைக்கு ஸ்கூல்ல படிக்கற குழந்தைங்க சம்பாதிச்சு கட்டப் போற பில்லு அது.

இத்தனைக்கும் நடுவுல கைதட்டு மட்டும் குறையவே இல்ல. ஏர்போர்ட்ல யூனிஃபார்மைப் பாத்தா தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்னு சொல்றோம், கார்ல மஞ்சள் ரிப்பன், ஸ்டேடியத்துல பெரிய கொடி. 2015-ல ஜான் மெக்கெயினும் ஜெஃப் ஃப்ளேக்கும், ரெண்டு பேருமே ரிபப்ளிகன் செனட்டர்கள், ஒரு அறிக்கை விட்டாங்க. மைதானத்துல வீரர்களுக்கு மரியாதை பண்ற அந்த நிகழ்ச்சிகள்ல பலதுக்கு பாதுகாப்புத் துறை விளையாட்டு டீம்களுக்கு காசு குடுத்திருக்கு, 68 லட்சம் டாலர். கண்ணுல தண்ணி வர எழுந்து நின்ன ஜனங்களுக்கு அது விளம்பரம்னு தெரியாது. அதே சமயம் டோவர் விமானதளத்துல வந்து இறங்கற சவப்பெட்டிகளை போட்டோ எடுக்க 1991-லேர்ந்து 2009 வரைக்கும் தடை. கொண்டாட்டத்தை காட்டினாங்க, பெட்டியை மறைச்சாங்க, எனக்கு இதுதாங்க தாங்கல.

கேள்வி கேட்டவங்க கதி என்ன? 2003 மார்ச்ல லண்டன் மேடையில ஈராக் போரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதுக்காக டிக்ஸி சிக்ஸ் குழுவோட பாட்டை நாடு பூரா ரேடியோ நிலையங்கள் நிறுத்தினாங்க. ரேடியோல உக்காந்துட்டு இத சொல்றேன், எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு. போருக்கு போய் வந்தவங்களையும் விடல. ஜார்ஜியா மாநிலத்து மேக்ஸ் கிளீலண்ட், 1968-ல வியட்நாம்ல குண்டு வெடிச்சு ரெண்டு காலும் வலது கையும் போன மனுஷன், செனட்டரா இருந்தாரு. 2002 தேர்தல்ல அவரை எதிர்த்து வந்த விளம்பரத்துல பின்லேடன் படத்தையும் சதாம் உசேன் படத்தையும் போட்டு இவரு நாட்டுப் பாதுகாப்புல உறுதியா இல்லன்னாங்க. எதிர்த்து நின்னவரு ராணுவத்துல வேலையே பாக்காதவரு. கிளீலண்ட் தோத்துட்டாரு. வீரரை மதிக்கறோம்னு சொல்ற அரசியல் அவரை எந்த அளவுக்கு மதிச்சுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

திரும்பி வந்தவங்க உடம்பைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். ஈராக், ஆஃப்கானிஸ்தான் முகாம்கள்ல குப்பைய எரிக்கறதுக்கு பெரிய பெரிய குழி வெட்டியிருந்தாங்க, ஈராக்ல பலாட் முகாம்ல இருந்தது ஏக்கர் கணக்குல. பிளாஸ்டிக், பேட்டரி, டயர், ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாத்தையும் கொட்டி விமான எரிபொருளை ஊத்தி கொளுத்துவாங்க, ராத்திரி பகல்னு கரும்புகை, அதுக்குப் பக்கத்துலயே தூங்கி எழுந்திருப்பாங்க. வீடு வந்தா ரெண்டு மைல் ஓட்டம் முடியல. போறதுக்கு முன்னாடி சர்வசாதாரணமா ஓடின பசங்க. எக்ஸ்ரே எடுத்தா ஒன்னும் தெரியல, நல்லாத்தான் இருக்கன்னு அனுப்பிடுவாங்க. டென்னசியில வாண்டர்பில்ட் மருத்துவமனை டாக்டர்கள் 80 வீரர்களை பாத்து, அதுல 49 பேருக்கு நுரையீரல்லேர்ந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, 38 பேருக்கு சின்ன சின்ன மூச்சுக்குழாய் எல்லாம் தழும்பு ஏறி சுருங்கிப் போயிருந்துச்சு. அதுல பல பேரு 2003-ல ஈராக்ல மோசுல் பக்கம் கந்தக ஆலை எரிஞ்ச புகையையும் சுவாசிச்சவங்க. அந்த ஆராய்ச்சி வெளிவந்தது 2011-ல. ஆனா இழப்பீடு கேட்டவங்க மனுவுல பெரும்பகுதி தள்ளுபடி, புகையாலதான் வந்துச்சுன்னு நீ நிரூபின்னாங்க. மூச்சு வாங்கற ஆளு ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சாரு. 2022 ஆகஸ்ட்லதான் இவங்களுக்கு உதவற சட்டம் வந்துச்சு. வியட்நாம்ல தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்ச் விஷத்துக்கும் இதே கதைதான், தெளிச்சு நிறுத்தினது 1971, சட்டம் வந்தது 1991. அதுக்குள்ள எத்தனை பேரு போய்ச் சேர்ந்திருப்பாங்க.

அதை விட பெரிய வலி ஒன்னு இருக்கு. அதே பிரவுன் குழுவோட 2021 கணக்குப்படி 2001-க்கப்புறம் இந்தப் போர்கள்ல செத்த அமெரிக்க வீரர்கள் சுமார் 7,000 பேரு. அந்தக் காலத்துல படையில இருந்தவங்க, இருந்து வந்தவங்க, அதுல தற்கொலையால போனவங்க 30,000-க்கும் மேல. நாலு மடங்கு. அவங்க பேரு எந்தச் சுவருலயும் இல்ல.

அந்தப் பக்கத்து சாவை சொல்லாம விட்டா நான் பேசினதுக்கு அர்த்தமே இல்ல. எல்லா நாட்டு ஆளுங்களையும் சேத்து அந்தப் போர்கள்ல நேரடியா செத்தவங்க சுமார் 9 லட்சம்னு அதே குழு சொல்றாங்க, வீட்டை விட்டு ஓடினவங்க 3 கோடியே 80 லட்சம் பேரு. 2021 ஆகஸ்ட் 29, காபூல்ல அமெரிக்கப் படை கிளம்பறதுக்கு முந்தின நாள். ஒரு வெள்ளை டொயோட்டா கொரோல்லா, அத ஓட்டினவரு அமெரிக்க உதவி அமைப்பு ஒன்னுலயே வேலை பாத்தவரு, ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு தண்ணி கேன் ரொப்பிட்டு வந்தாரு. ட்ரோன்ல பாத்தவங்களுக்கு அது வெடிகுண்டா தெரிஞ்சுது. கார் வீட்டுக்குள்ள நுழையும்போது குழந்தைங்க ஓடி வந்திருக்காங்க. ஏவுகணை விழுந்துச்சு. 10 பேரு, அதுல 7 குழந்தைங்க. சரியான தாக்குதல்னு முதல்ல சொன்னாங்க, பத்திரிகைக்காரங்க தோண்டி எடுத்தப்புறம் செப்டம்பர் 17-ல தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. தண்டனை யாருக்கும் இல்ல.

கடைசியா நம்ம வீட்டு விஷயம், அமெரிக்காவுல இருக்கற நேயர்களுக்கு. கிரீன் கார்டு வெச்சிருந்தாலும் சரி, சிட்டிசனா இருந்தாலும் சரி, உங்க பையனுக்கு 18 வயசானா அவன் பேரு செலக்டிவ் சர்வீஸ்ங்கற, தேவைப்பட்டா கட்டாயமா படைக்கு கூப்பிடறதுக்கான பதிவேட்டுல இருக்கணும், 1980-லேர்ந்து அதுதான் சட்டம். கட்டாய ராணுவம் நின்னுச்சு, பதிவேடு நிக்கல. அது விட்டுப்போனா பின்னாடி குடியுரிமை கேக்கும்போது சிக்கல் வரலாம். 2009-ல ராணுவம் ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, தேவைப்படற மொழி தெரிஞ்ச வெளிநாட்டுப் பசங்க விசாவுல இருந்தாலும் சேரலாம், சீக்கிரமே குடியுரிமை கிடைக்கும்னு, அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. பின்னாடி 2016-ல திடீர்னு நிறுத்திட்டாங்க, கையெழுத்து போட்டுட்டு காத்திருந்த பசங்க பல பேரு நடுவுல மாட்டினாங்க.

உங்க பிள்ளை சேரணும்னு ஆசைப்பட்டா தடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவன் முடிவு, அவளோட முடிவு. ஆனா அந்த ஒப்பந்தத்தை வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரு தடவ முழுசா படிங்க. மூணு வருஷம், நாலு வருஷம்னு வாயில சொல்வாங்க, தாள்ல மொத்தக் கடமை 8 வருஷம்னு இருக்கும், மீதி வருஷம் ரிசர்வ் பட்டியல்ல பேரு கிடக்கும். 2004-ல அந்தப் பட்டியல்லேர்ந்துதான் வேலைக்குப் போய், குழந்தை பெத்து செட்டில் ஆன ஆயிரக்கணக்கான பேரை திரும்ப ஈராக்குக்கு கூப்பிட்டாங்க. அதே மாதிரி உங்க தொகுதி எம்பி ஓட்டு கேட்டு வந்தா, பார்பரா லீ எதிர்த்து ஓட்டு போட்ட அந்த 2001 தீர்மானத்தை ரத்து பண்ண நீங்க ஓட்டு போடுவீங்களான்னு கேளுங்க. வணக்கம்.