வேலைக்குப் போகிறவர் எழுதும் நேரம்

(அட்டன் இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, மழையையும் பாராமல் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்திருக்கும் அதிபர்களே, ஆசிரியர்களே, கொழுந்து நிறுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். தவிசாளர் அவர்கள் பல வேலைகளுக்கு இடையே வந்திருக்கிறார், நன்றி. அவரிடம் ஒரு கோரிக்கை உண்டு. அதைக் கேட்கும் வரை அவர் இருக்க வேண்டும்.

முழுநேர வேலை பார்ப்பவர் கதை எழுத நேரம், இடம், வீட்டாரின் ஒத்தாசை மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் இன்று பேசுவேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஆந்தனி டிரோலப் என்றோர் ஆங்கில நாவலாசிரியர். 1875இல் நம் இலங்கைக்கும் வந்துபோனவர். 1834 முதல் 1867 வரை தபால் திணைக்கள உத்தியோகத்தர். விடிய ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். அவரை எழுப்பிவிடுவதற்கென்றே குதிரைக்காரக் கிழவருக்கு வருஷத்துக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுத்தார். கிழவர் இரக்கமே காட்டமாட்டார். காப்பியோடு வந்து நிற்பார், ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். ரயிலிலும் பென்சிலால் எழுதுவார்; அதை மனைவி ரோஸ் பின்னர் படியெடுத்துக் கொடுப்பார். இப்படி வந்தவை 47 நாவல்கள்! எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஐயா.

டிரோலப்போல் தினமும் மூன்று மணித்தியாலம் நமக்குக் கிடைக்காது. நாற்பது நிமிஷம் போதும். நாளைக்கு 150 சொல் என்றால், வாரம் ஆறு நாளில் 900. மூன்று வாரத்தில் ஒரு சிறுகதையின் முதல் படி கையில் இருக்கும். நாளை எழுதப்போகும் முதல் வரியை இன்று இரவே கொப்பியில் குறித்துவையுங்கள். வசனத்தைப் பாதியில் நிறுத்துங்கள்; மறுநாள் யோசிக்காமல் தொடரலாம். பலர் தோற்பது முதல் பத்தியைத் தினமும் திருத்துவதால்தான். திருத்தம் ஞாயிறுக்கும் பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கும். தவறிய நாளின் பங்கை மறுநாள் சேர்த்து எழுதாதீர்கள். இரட்டிப்புச் சுமைதான் ஆளைக் கைவிட வைக்கிறது. மலைப்பாதை பஸ்ஸில் குனிந்து எழுதினால் தலைசுற்றும். போனில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு விடியற்காலை சொந்தமில்லை. தண்ணீர், அடுப்பு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடுவது, பிறகு பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு. அவளுக்கு மிஞ்சுவது அந்திதான். அந்தியில் எங்கே உட்காருவாள்? தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமையல் புகையும் டிவியும் பாடம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும்போது மேசைக்கு ஏது இடம்? வாசிகசாலைக்குப் போகலாம் என்றால், அவள் முகம் கழுவி வருவதற்குள் பல இடங்களில் கதவு சாத்தியாகிவிடுகிறது. மலையக எழுத்துக்கு இதைவிடப் பெரிய தடை எனக்குத் தெரியவில்லை.

தவிசாளர் அவர்களே, தோட்டந்தோறும் வாசிகசாலை மாலை ஆறு முதல் எட்டரை வரை திறந்திருக்க வேண்டும். ஒரு நீண்ட மேசை, ஆறு கதிரை, இரண்டு பல்ப், கொப்பிகளைப் பூட்டிவைக்க ஓர் அலுமாரி. திரும்பும் இருட்டுப் பாதைக்கு விளக்கு. அது இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். சாவி வைத்திருப்பவருக்குச் சிறு கொடுப்பனவு வேண்டும். சும்மா பார்க்கச் சொன்னால் இரண்டாம் மாதமே கதவு திறக்காது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஊர்வதற்கு வழி விடுங்கள். கோரிக்கைக் கடிதம் இதோ. அடுத்த சபை அமர்விலேயே பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். நன்றி, வணக்கம்.