தூங்கும்போது யார் ஓட்டுவது?

வணக்கம், நேயர்களே. தனி ஆளாகப் பாய்மரப் படகில் கடல் கடக்க நினைக்கிறவர் எந்த மாதிரிப் பழைய படகை வாங்கலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் படகு வாங்கப் போகிறீர்களோ தெரியாது. ஆனால் பழைய வண்டி பார்க்கப் போன அனுபவம் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். பாலீஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். சீட் உறை புதிது. நாமும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவோம். படகு விற்கிற இடத்திலும் இதே கதைதான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு பேர் படுக்க மெத்தை, அடுப்பு, குளிர்பெட்டி, வார்னிஷ் மின்னும் மரவேலை. பார்க்க வந்தவர் அங்கேயே மயங்கிவிடுவார்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் தூங்கும்போது இந்தப் படகு என்ன செய்யும்? அரை மணி நேரமும் இதையேதான் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன். இரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையில், நின்று காவல் பார்ப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பாய்மரப் படகின் விளக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்? அலை மேலே ஏறும்போது ஒரு கணம் தெரியும். இறங்கினால் காணாமல் போகும். அடிவானத்து நட்சத்திரமோ என்று சந்தேகமாக இருக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் ரேடாரிலும் அலைகளின் புள்ளிகளுக்குள்ளே அந்தப் படகின் புள்ளியும் கலந்துவிடும். ஆகவே கப்பல்காரன் பார்த்து விலகிக்கொள்வான் என்று நம்பிப் படுக்கக் கூடாது. இதைக் கப்பல்காரனே சொல்கிறேன்.

படகில் இருப்பவரின் கண் தண்ணீரிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்கு அடிவானம் ஏறக்குறைய 3 கடல் மைல்தான். தெளிவான வானிலையில் பெரிய கப்பலின் மேல்பகுதி இன்னும் நெடுந்தூரத்திலேயே தெரிந்துவிடும், அது வேறு. மழை மூட்டத்தில் தெரியாது. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வருகிற கப்பல் அந்த 3 மைலை ஒன்பது நிமிடத்தில் தாண்டிவிடும். அதனால்தான் தனியாகப் போகிறவர்கள் கப்பல் போக்குவரத்து உள்ள கடலில் பதினைந்து, இருபது நிமிடம் என்று அலாரம் வைத்துக் கோழித் தூக்கம் போடுகிறார்கள். கடல் சட்டப்படி எப்போதும் கண்காணிப்பு இருக்க வேண்டும். தனி ஆள் தூங்குகிற நேரமெல்லாம் கண்டிப்பாகப் பார்த்தால் சட்ட மீறல்தான். இப்போது ஏஐஎஸ் என்ற கருவி வந்துவிட்டது. பக்கத்தில் கப்பல் வந்தால் மணி அடித்து எழுப்பும், நம் இருப்பையும் அவர்களுக்குச் சொல்லும். பழைய படகு வாங்கினாலும் இதை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, இருபது நிமிடம் தூங்கினார். எழுந்து சமைக்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். இத்தனையும் செய்கிற நேரத்தில் சுக்கானைப் பிடித்திருப்பது யார்? படகுதான் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும்.

தனியாக உலகத்தை முதன்முதலில் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பியபோது அவருக்கு 51 வயது. படகு? கரையில் கைவிடப்பட்டு உளுத்துக் கிடந்த ஒரு சிப்பி பிடிக்கிற படகு. பழைய படகு என்றால் அதுவல்லவா பழைய படகு! மரத்துக்கு மரம் மாற்றிப் பதின்மூன்று மாதம் வேலை செய்து ஸ்ப்ரே என்ற அந்தப் படகைத் தேற்றினார். இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளுக்கு வந்த 23 நாள், 2,700 மைல் பயணத்தில், மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சுக்கானைத் தொடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். சுக்கானைக் கட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். இன்ஜின் கிடையாது, மின்சாரம் கிடையாது.

அடுத்தது எனக்குப் பிடித்த படகு, சுஹைலி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. நிலையத்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. முன்னும் பின்னும் கூராக, நார்வே நாட்டு மீட்புப் படகுகளின் சாயலில் இருக்கும். கட்டும்போதே பழைய பாணி என்று சிரித்திருப்பார்கள். 1968 ஜூன் 14 அன்று ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இதில் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டார். எங்கும் நிற்காமல், தனியாக, உலகைச் சுற்றும் பந்தயம். கிளம்பியவர்கள் ஒன்பது பேர். சுஹைலியைவிட வேகமான படகுகள் இருந்தன. அட்லாண்டிக்கில் போகும்போதே அடிப்பலகை மூட்டில் தண்ணீர் கசிந்தது. மனிதர் தண்ணீருக்குள் முங்கி, மூச்சு முட்டும்வரை பஞ்சுத் திரியை இடுக்கில் அடித்து, மேலே செப்புத் தகட்டை ஆணி வைத்து இறுக்கினார். நடுவில் சுறா ஒன்று சுற்றி வந்தது, அதைச் சுட வேண்டியதாயிற்று. திரும்பவும் இறங்கி வேலையை முடித்தார்.

பழைய படகைக் கையால் செப்பனிட முடிந்தது, அது ஒன்று. அதைவிட முக்கியம் பின்னால் வருகிறது. ஆஸ்திரேலியப் பக்கம் போகும்போது, காற்றைக் கொண்டு சுக்கானைத் திருப்புகிற கருவி உடைந்து போயிற்று. இன்னும் பசிபிக் கடக்க வேண்டும், தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனை இருக்கிறது, அட்லாண்டிக் முழுக்க இருக்கிறது. வேறு படகாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். சுஹைலியில் அவர் பாய்களின் அளவை மாற்றி மாற்றிச் சரிக்கட்டி, சுக்கான் கட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கினார். படகு திசை மாறாமல் போயிற்று. 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் வந்து சேர்ந்தார். ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பந்தயத்தின் நினைவாக 2018-லும் 2022-லும் மறுபடி நடத்தினார்கள். 32 முதல் 36 அடி வரை, 1988-க்கு முன் வடிவமைத்த படகு, நீண்ட கீல் (படகின் அடியில் நீளவாக்கில் இறங்கியிருக்கும் பகுதி), அதன் பின்விளிம்பிலேயே சுக்கான் என்பது விதி. இரண்டாவது முறை தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நியூஷாஃபர் ஜெயித்தார். இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். முந்தைய பந்தயத்தில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து மீட்கப்பட்டவர் அவர்.

கீல் நீளமாக இருந்தால் படகு சட்டென்று திரும்பாது. துறைமுகத்துக்குள் அது தொல்லை, நடுக்கடலில் அதுதான் நிம்மதி. ஆனால் நீண்ட கீல் இல்லாத படகெல்லாம் ஆகாது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கன்டெஸ்ஸா 32 என்ற படகுக்குக் குட்டைக் கீல்தான், சுக்கானுக்கு முன்னால் ஒரு தாங்கு உண்டு. 1979-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயல் அடித்து 15 பந்தய வீரர்கள் இறந்துபோனார்களே, அதில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் கடைசிவரை ஓட்டி முடித்தது ஒரு கன்டெஸ்ஸா 32 மட்டும்தான்.

எனவே பெயரைப் பார்க்காதீர்கள், ஓட்டிப் பாருங்கள். மிதமான காற்றில் பாய்களைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டு, சுக்கானிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்காருங்கள். விற்பவர் ஏதாவது பேச வருவார், பதில் சொல்லாதீர்கள். உடனே சுழன்று காற்றை நோக்கித் திரும்புகிறதா, கொஞ்ச நேரமாவது நேராகப் போகிறதா? பிறகு காற்று பலமாகும்போது பாயைச் சுருக்கிவிட்டு இதையே செய்யுங்கள். பின்னால் காற்றுத் தகடு வைத்த தானியங்கிச் சுக்கான் இருந்தால் பெரிய லாபம். படகு திசை மாறினால் தகட்டில் காற்று அடிக்கும், அது தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பைத் திருப்பும், தண்ணீரின் விசையே சுக்கானை இழுத்து நேராக்கும். பாட்டரி வேண்டாம். காற்று கூடினால் அதன் பலமும் கூடும். ஆனால் தறுதலைப் படகை எந்தக் கருவியாலும் அடக்க முடியாது.

அளவு விஷயம். முப்பது அடியை ஒட்டி இருந்தால் போதும் என்பது என் கட்சி. நாற்பது அடி வசதிதான், ஆனால் நங்கூரத்தை இழுக்கிற மோட்டார் ஒருநாள் நின்றுபோகும். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. இருபது மீட்டர் ஆழத்தில் தொங்கினால் சங்கிலி மட்டும் 46 கிலோ, தண்ணீருக்குள் கொஞ்சம் குறையும். அதோடு நங்கூரத்தின் எடை. நள்ளிரவில், காற்று மாறி, கரை பக்கம் தள்ளுகிறபோது இதைத் தனி ஆள் கையால் இழுக்க முடியுமா?

பழசு என்றால் பயப்பட வேண்டாம். 1960-களின் ஃபைபர் படகுகளைக் கட்டியவர்கள் அந்தப் புதுப் பொருளை முழுதாக நம்பாமல் கனமாகவே போட்டார்கள். வெளிப்புறத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் பேரம் பேசலாம், பெரும்பாலும் அது உயிருக்கு ஆபத்து அல்ல. பார்க்க வேண்டியது வேறு. ஒரு பிளாஸ்டிக் சுத்தியலோ, திருப்புளியின் கைப்பிடியோ எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் முழங்காலிட்டு, சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வருகிற சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மந்தமாகும். தளத்துக்கு உள்ளே இருக்கும் பால்சா என்ற லேசான மரம் நனைந்து ஊறிவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் பாய்மரத்தின் கம்பிகளைப் பிடித்து நிற்கும் இரும்புப் பட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பட்டை துருப்பிடிக்காத எஃகுதான். ஆனால் தளத்துக்குள் ஈரத்தில், காற்றுப் படாமல் புதைந்திருக்கும் பகுதி அரித்துப் போகும், வெளியே பளபளவென்று இருக்கும். ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கம்பிகளைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு வருடக் கம்பி என்றால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் தூக்கத்தோடுதான் சம்பந்தப்பட்டது. உள்ளே படுத்திருக்கிறவர் காதில் விழுகிற ஒவ்வொரு கிறீச்சும் என்ன என்று தெரிந்தால்தான் கண் மூட முடியும்.

நிகழ்ச்சி நடத்துபவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது போலும். இன்ஜினைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பாருங்கள், எண்ணெய் வெளுத்துப் போயிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. படகின் அடியில் கடல்நீர் வந்துபோகிற வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள், பித்தளை சிவந்திருந்தால் அது செத்துப்போன உலோகம். பாய்களுக்கு நேரமில்லை. கையில் இருக்கும் பணம் முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள், கம்பிக்கும் பாய்க்கும் கணிசமாக ஒதுக்குங்கள். இன்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து உங்கள் கண் முன்னால் ஓட வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.