மதம் புண்பட்டதாக ஒரு புகார்: காவல் நிலையம் முதல் உயர் நீதிமன்றம் வரை

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஓர் ஆணை போட்டது. இராமாயணம் பற்றிப் பெரியார் எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பும், லலாய் சிங் யாதவ் வெளியிட்ட இந்திப் பதிப்பும் பறிமுதல் என்றது அந்த ஆணை. கூடவே ஒரு பிற்சேர்க்கை. எந்தப் பக்கம், எந்த வரி என்று அட்டவணையே போட்டிருந்தார்கள். அந்த வரிகள் ஏன் குற்றமாகின்றன என்று மட்டும் எழுதவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலை அமலில் இருந்தபோதே, நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காரணங்களைக் குறிப்பிட்டுத்தான் பறிமுதல் செய்யலாம் என்கிறது சட்டம். பக்க எண்ணைச் சொல்வது காரணம் சொன்னதாகாது என்றது தீர்ப்பு.

நூல் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே போகாமல் கிடைத்த வெற்றி இது. மத உணர்வு புண்பட்டது என்று ஒரு புகார் வந்தால், அரசு வரிசையாகச் சில படிகளைக் கடந்தாக வேண்டும். எழுதுபவருக்கும், சிறுபான்மை நம்பிக்கை கொண்டவருக்கும் உண்மையான பாதுகாப்பு அந்தப் படிகளில் இருக்கிறது. இறுதித் தீர்ப்பில் நியாயம் கிடைக்கும் என்று காத்திருந்தால் அதற்குள் பாதி வாழ்க்கை போய்விடும்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1927இல் லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு பிரசுரம் தொடர்பான வழக்கில் பதிப்பாளர் விடுதலையானார். அதனால் எழுந்த கொந்தளிப்பில் அதே ஆண்டு பிறந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. ‘திட்டமிட்டு, தீய நோக்கத்துடன்’ என்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். அலட்சியமாகவோ, அறியாமலோ சொன்ன சொல் இதற்குள் வராது. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் அரசியல் சாசன அமர்வு இந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றதே, அது கடுமையான அவமதிப்பை மட்டும் தண்டிக்கிறது என்ற அடிப்படையில்தான். எழுத்தில் இந்தச் சட்டம் பெரும்பான்மை, சிறுபான்மை என்று பேதம் பார்ப்பதில்லை. நடைமுறையில், எந்தப் புகாருக்குப் பின்னால் கூட்டம் இருக்கிறதோ அந்தப் புகார்தான் வேகமாக ஓடுகிறது. அதனால்தான் படிகள் முக்கியம்.

முதல் படி எஃப்.ஐ.ஆர். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்பதால் புகார் வந்த உடனே பதிவு செய்தாக வேண்டும் என்று சொல்வார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு வேறு வழி தருகிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் இந்த விசாரணையை நடத்துவதே முறை என்றது. எதிலும் ஆபத்தைக் காணும் பலவீன மனத்தின் கண்ணால் சொற்களை அளக்கக் கூடாது என்றும் சொன்னது. புகாருக்கு ஆளானவரின் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 14 நாள் விசாரணை நடந்ததா? நடக்கவில்லை என்றால் ஏன்?

அடுத்தது கைது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே வழி. கைது செய்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

மூன்றாவது, அரசின் முன் அனுமதி. மத்திய அல்லது மாநில அரசின் அனுமதி இல்லாமல் 299ஆம் பிரிவுக் குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்க முடியாது. இங்கே பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அனுமதி நீதிமன்றம் வழக்கை எடுக்கும் கட்டத்துக்குத்தான் தேவை, எஃப்.ஐ.ஆர்., கைது, கைபேசி பறிமுதல் எல்லாம் அதற்கு முன்பே நடந்துவிடும். ஒரே பதிவுக்கு நாலு ஊரில் நாலு வழக்கு போட்டு ஒருவரை அலைக்கழிப்பது இந்த ஓட்டை வழியாகத்தான். செய்திகளின் உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர் முகமது ஜுபைர் மீது உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஆறு எஃப்.ஐ.ஆர். இருந்தன. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை டெல்லிக்கு மாற்றி ஜாமீன் கொடுத்தது. அதற்குள் அவர் மூன்று வாரத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டார்.

நூலையோ இதழையோ பறிமுதல் செய்ய மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டால், அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். ஆசிரியர்தான் போக வேண்டும் என்பதில்லை. சிவாஜி பற்றிய ஜேம்ஸ் லேனின் நூலை மகாராஷ்டிரம் தடை செய்தபோது வழக்குப் போட்டவர்களில் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனும் ஒருவர். 2010இல் உச்ச நீதிமன்றமும் தடைக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது, சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு படி. அதற்கு ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்று பெயர். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் பெருமாள்முருகன் உட்கார வைக்கப்பட்டார். ‘மாதொருபாகன்’ நாவலுக்காக நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைப் பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நாவலைப் பறிமுதல் செய்யும் அறிவிக்கை கிடையாது. காரணம் எழுதிய ஆணை கிடையாது. மேல்முறையீடு செய்ய ஒரு காகிதம்கூடக் கிடையாது. தடை செய்திருந்தால் லலாய் சிங் போல எதிர்த்து நின்றிருக்கலாம். இங்கே எதிர்க்க எதுவும் இல்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது.

கலவரம் வரும், எங்களால் தாங்க முடியாது என்று அதிகாரிகள் சொல்வது புதிதல்ல. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் அதைத்தான் சொன்னது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும், எதிர்ப்பைக் கையாளுவது அரசின் கடமை என்றது. ஆகவே அத்தகைய கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். போனாலும், அந்த இடத்தில் எதிலும் கையெழுத்துப் போடாமல், நகலை வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். மிரட்டல் இருந்தால் அதே நாளில் பாதுகாப்புக் கேட்டுக் காவல்துறைக்கு மனுக் கொடுத்து, மனு ஏற்புச் சான்றை வாங்கி வையுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.