நட்சத்திரம் போட்ட நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் இருந்தால் கள்ளநோட்டு என்று 2023இல் ஒரு புரளி கிளம்பியது. ரிசர்வ் வங்கியே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நட்சத்திரம் அச்சகத்தில் பிறப்பது.

நம் நோட்டுகள் நான்கு ஊர்களில் அச்சாகின்றன. நாசிக், தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசு நிறுவனத்தைச் சேர்ந்தவை. மைசூரு, சால்போனி அச்சகங்கள் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்தைச் சேர்ந்தவை. தாள் பருத்தி இழையில் ஆனது. சட்டைப்பையோடு துவைத்தாலும் நோட்டு கூழாகாதது அதனால்தான். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி அச்சடிப்பதல்ல. ஈரக்கூழ் படியும் கம்பிவலையிலேயே மேடுபள்ளமாகக் காந்தி முகம் இருக்கும். கூழ் தடித்த இடம் நிழல், மெலிந்த இடம் வெளிச்சம்.

முதலில் ஆஃப்செட்டில், அதாவது மையை ரப்பர் உருளை வழியே தாளுக்கு மாற்றும் அச்சில், மெல்லிய பின்னணிக் கோலங்கள். அடுத்தது செதுக்கச்சு, வேலையே இங்கேதான். தகட்டின் பள்ளங்களில் கெட்டி மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, தாளை மிகுந்த அழுத்தத்தில் அமுக்குவார்கள். பள்ளத்து மை தாளில் மேடாக ஏறும். 500 ரூபாய் நோட்டின் ஓரத்துச் சாய்கோடுகளைத் தடவிப் பாருங்கள்: பக்கத்துக்கு ஐந்து. 100 ரூபாயில் நான்கு. பார்வையற்றோர் நோட்டைப் பிரித்தறிய வைத்தவை அவை.

துடைப்பு குறைந்தால் தாளெங்கும் மைப்படலம். மிஞ்சினால் பள்ளத்து மையும் போய்க் கோடு வெளிறும். மை காயுமுன் அடுக்கினால் மேல்தாளின் முதுகில் அப்பிக்கொள்ளும். காற்றின் ஈரத்தில் தாள் விரிந்தாலோ முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாது.

எண்ணைக் கடைசியில்தான் போடுவார்கள். அடுக்கி வெட்டும்போது எண்கள் தொடர்ச்சியாக வரும்படி கணக்கிட்டு அடித்திருப்பார்கள். ஒரு கட்டுக்கு 100 நோட்டு. எண் விழுந்த பிறகு நடுவில் ஒன்று பழுது என்று தெரிந்தால்? 2006 வரை கட்டு முழுதும் வரிசை எண் தொடர வேண்டியிருந்தது. ஒற்றை நோட்டுக்காக அதைக் காப்பது பெரிய தொல்லை. அந்த ஆண்டு 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் நட்சத்திர வரிசை வந்தது. 2016இல் 500க்கும் வந்தது. பழுதானதை எடுத்துவிட்டு நட்சத்திர நோட்டை வைப்பார்கள். வரிசை எண்ணின் தொடக்கத்திலுள்ள முன்னொட்டுக்கும் அதன்பின் வரும் எண்ணுக்கும் இடையே அந்தக் குறி இருக்கும். மற்றதெல்லாம் ஒன்றே, மதிப்பும் ஒன்றே.

அத்தகைய கட்டில் 100 நோட்டு சரியாக இருக்கும், எண்தான் வரிசையாக வராது. உள்ளே நட்சத்திர நோட்டு இருப்பதைக் கட்டின் பட்டையிலேயே குறித்திருப்பார்கள்.