எந்தப் பாட்டி, அக்கா?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, இவ்வளவு நேரமாகியும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் நல்ல மனசுக்காரர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் எதிரணி பேசிய பேச்சில் அது எங்கேயோ போய்விட்டது. 'இஸ்ரேலில் இன்று பிறக்கும் பெண் குழந்தைக்கு ஏற்றது முன்னோர் பெயரா, புது எபிரேயப் பெயரா?' எனக்கு முன்னால் பேசிய அக்கா, பாட்டி பெயரை விட்டால் வேரே அறுந்துவிடும் என்று சொல்லி, தானும் கண் கலங்கி, அரங்கத்தில் பாதிப் பேரையும் கலங்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்தப் பாட்டி, அக்கா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று டெல் அவிவிலோ ஹைஃபாவிலோ ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அம்மாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அப்படியானால் பாட்டி பிறந்தது 1960களில். அந்தக் காலத்தில் அங்கே பெண் குழந்தைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? நூரித், இலானா, ரோனித், தோரித், கலித். நூரித் என்றால் வயலில் பூக்கும் ஒரு பூ, இலானா என்றால் மரம், கலித்துக்குள்ளே அலை இருக்கிறது. இதில் எதுவும் மோசே காலத்துப் பெயர் இல்லை. எபிரேயம் மறுபடி அடுப்படியிலும் தெருவிலும் பேசுகிற மொழியான பிறகு வந்த பெயர்கள். ஆக, அக்கா சொல்கிறபடியே பாட்டி பெயரை வைத்தாலும் அந்தக் குழந்தை புது எபிரேயப் பெயரோடுதான் வீட்டுக்கு வரப்போகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்கள் அணிக்காகப் பேசியதற்கு அக்காவுக்கு நன்றி.

இல்லையில்லை, நான் சொன்னது கொள்ளுப்பாட்டியை என்று தலையை ஆட்டுகிறார். சரி, கொள்ளுப்பாட்டி வீட்டுக்கே போவோம்.

போலந்தில், உக்ரைனில் இருந்த யூதக் கொள்ளுப்பாட்டிகளின் பெயர்கள் என்ன? கோல்டா, ஸ்லாட்டா, ஃபெய்கா, ப்ளூமா, ரெய்ஸல். தங்கம், மறுபடியும் தங்கம், பறவை, பூ, ரோஜா. மொழி என்ன? ஸ்லாட்டா ஸ்லாவிய மொழிச் சொல், மற்றதெல்லாம் இத்திஷ், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. மொராக்கோவுக்குப் போனால் ஓரோ, சோல், லூனா என்று இருக்கும், அது ஸ்பானியம், ஓரோ என்றாலும் தங்கம்தான். ஈராக்கில் ஹபீபா, அது அரபி. ஷ்ப்ரின்ட்ஸா என்று ஒரு இத்திஷ் பெயர் உண்டு, வாயில் நுழையவே சிரமப்படும், கேட்டால் ஆயிரம் வருஷத்துப் பெயர் மாதிரி தோன்றும். அதன் பூர்வீகம் 'எஸ்பெரான்சா' தான், நம்பிக்கை என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர், யூதக் குடும்பங்களோடு ஊர் ஊராகப் பயணப்பட்டுத் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. ஆக, எதிரணி பரம்பரைச் சொத்து என்று காட்டுகிற பெயர்கள் எல்லாமே, அந்தந்த ஊரில் அந்தந்தக் காலத்தில் வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழியிலிருந்து எடுத்தவை. அன்றைக்கு அதுதான் புதுப் பெயர்!

ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஆபிரகாம், மோசே, தாவீது என்று எபிரேயப் பெயர் தவறாமல் இருந்தது, பெண்களுக்கு ஏன் தெரு மொழி? யாராவது யோசித்தீர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாரம்பரிய ஜெப ஆலயத்தில் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்க ஆணைத்தான் பெயர் சொல்லி அழைப்பார்கள், அந்த அழைப்பு எபிரேயத்தில் இருக்கும், அதனால் ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு புனித மொழிப் பெயர் கட்டாயம் வேண்டும். பெண்ணை யாரும் அழைக்கப் போவதில்லை, அவளுக்கு எதற்கு? கூப்பிட ஒரு பெயர் இருந்தால் போதாதா? பையனுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், உறவெல்லாம் கூடும், பெயர் சூட்டுவார்கள். பெண் குழந்தைக்கு அப்பா ஜெப ஆலயத்துக்குப் போய் தோரா வாசிப்பின்போது பெயரைச் சொல்லிவிட்டு வருவார், பல வீடுகளில் அம்மா அப்போது பிள்ளையோடு படுக்கையில் இருப்பாள். வீட்டு மொழியாக எபிரேயம் திரும்பி வந்தபோதுதான் சாரா, மிரியாம் என்கிற சில பெயர்களைத் தாண்டி அந்த மொழி முழுசும் பெண்ணுக்குத் திறந்தது. நூற்றாண்டுக் கணக்காகப் பெண்ணுக்கு எட்டாமல் வைத்திருந்த ஒன்றை இப்போதுதான் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஷ்ப்ரின்ட்ஸாவுக்குப் போகச் சொன்னால் எப்படி நடுவர் அவர்களே?

எதிரணித் தம்பி ஒருவர் இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயிரைத் துணைக்கு இழுத்தார். 1956இல் வெளியுறவு அமைச்சரானபோது மேயர்சன் என்ற குடும்பப் பெயரை மேயிர் என்று எபிரேயத்துக்கு மாற்றியவர், பிரதமரான பிறகும்கூட கோல்டாவைக் கோல்டாவாகவே வைத்திருந்தாரே என்றார். உண்மைதான் தம்பி. ஆனால் அவர் பிறந்தது 1898இல், கீவ் நகரில், இத்திஷ் பேசிய வீட்டில். அவருடைய அம்மா அப்பா தாங்கள் வீட்டில் பேசிய மொழியிலேயே மகளுக்குத் தங்கம் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அதைத்தானே செய்யச் சொல்கிறோம்? இன்றைக்கு அந்த வீடு எபிரேயம் பேசுகிறது, அதனால் அதே தங்கம் ஸெஹாவா ஆகிறது, இன்னும் இளமையாக வேண்டுமென்றால் பாஸ் என்று வைக்கிறார்கள், அதுவும் பொன்தான்.

அடுத்து வேதாகமம். வேதாகமப் பெயர்களே ஆயிரக்கணக்கில் இருக்க, பூவும் புல்லும் எதற்கு என்று கேட்டார்கள். இருக்கின்றன, ஆனால் யாருக்கு? பெயர் குறிப்பிடப்பட்ட பெண்களை மொத்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் காலங்காலமாகப் புழங்கியது சாரா, ரெபேக்கா, ராகேல், லேயாள், எஸ்தர், மிரியாம் என்று ஒரு கைப்பிடிப் பெயர்கள். மீதியை யாரும் சீந்தவில்லை. அப்படிச் சீந்தாமல் கிடந்த ஒரு பெயரைத்தான் இந்தத் தலைமுறை தூசு தட்டி எடுத்து உச்சியில் உட்கார வைத்தது. நோவா. பேழை கட்டிய தாத்தா இல்லை, அவர் வேறு, எபிரேயத்தில் எழுத்தே வேறு. நம் தமிழ் வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தால் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் வரிசையாக நிற்பார்கள். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் சொத்து ஏன் போகவேண்டும் என்று மோசே முன்னால், சபை முன்னால் நின்று கேட்டு வாங்கியவர்கள். அந்த நோவாள்தான் இஸ்ரேலில் பல ஆண்டுகள் பெண் பெயர்ப் பட்டியலின் தலையில் இருந்த நோவா. வகுப்புக்கு மூன்று நோவா என்று ஆசிரியைகள் அலுத்துக்கொண்ட அளவுக்கு.

அதேபோல் தாமார். வேதாகமத்தில் அந்தப் பெயருள்ள இரண்டு பெண்களின் கதைகளும் துயரக் கதைகள், அந்தப் பெயரை வைக்கப் பல வீடுகளில் ஒருகாலத்தில் யோசித்தார்கள். இன்று அதே தமார் முன்வரிசைப் பெயர், ஏனென்றால் கேட்பவருக்கு முதலில் பேரீச்சை மரம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய பெயரைப் புது எபிரேயம் இப்படிப் புதிதாக்கித் தருகிறது. இதை வேரை அறுப்பது என்கிறார் அக்கா.

இப்போது அந்தப் பூ, புல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னார்கள். தால் என்று ஒரு பெயர், பனித்துளி. என்ன பெரிய பனித்துளி என்று தோன்றும். அந்த நாட்டில் கோடையில் மழை கிடையாது. பஸ்கா என்ற வசந்தகாலப் பண்டிகையோடு மழைக்கான வேண்டுதலை நிறுத்திவிட்டுப் பனிக்காக வேண்டிக்கொள்வார்கள், அதற்கென்றே தனி ஜெபம் உண்டு. விடியற்காலையில் திராட்சை இலைமேல் நிற்கும் அந்த ஈரம் மழை வராத மாதங்களில் விளைச்சலுக்கு ஒரு ஆறுதல். அப்படி ஊரே கூடி வேண்டிப் பெறுகிற ஒன்றை மகளுக்குப் பெயராக வைப்பது இளக்காரமா? கலானித் என்று வைக்கிறார்கள். சிவப்பாக, நடுவில் கறுப்பாக, ஒல்லித் தண்டில் ஆடும் பூ. ஜனவரி, பிப்ரவரியில் வடக்கு நெகேவ் பாலைவனப் பக்கம் போனால் தரையே சிவப்பாகக் கிடக்கும், குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போவார்கள், பறிக்கக் கூடாது. 2013இல் நாட்டின் தேசிய மலராகவும் தேர்ந்தெடுத்தார்கள். கலானித் என்று பெயருள்ள சிறுமி அந்த வயலுக்குப் போய் 'இதெல்லாம் நான்' என்று சொல்ல முடியும். வார்சாவில் வாழ்ந்த கொள்ளுப்பாட்டியும் தன் ஊர்ப் பூவைத்தான் பெயராக வைத்திருந்தாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எதிரணியின் பேச்சில் நான் தலைகுனிந்து கேட்ட இடம் ஒன்று உண்டு. நாஜிகள் கொன்றொழித்த குடும்பங்களில் பெயர் சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை, அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைப்பது ஒன்றுதான் நடுகல் என்றார் அக்கா. இதற்கு எதிர்வாதம் செய்ய எனக்கு மனசு இல்லை. ஐரோப்பிய யூதர்களிடம் இறந்தவர் பெயரைத்தான் வைக்கும் வழக்கம், மொராக்கோ போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்களோ உயிரோடிருக்கும் பாட்டி பெயரையே மகிழ்ச்சியாக வைப்பார்கள். ஆனால் தப்பிப் பிழைத்து வந்தவர்களே என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பலர் அந்தப் பெயரை எபிரேயத்தில் பெயர்த்து வைத்தார்கள். ஃபெய்கா போனாள், சிப்போரா வந்தாள், இரண்டும் பறவை. ரெய்ஸல் போனாள், வெரெத் வந்தாள், இரண்டும் ரோஜா. சிலர் இரண்டு பெயரும் வைத்து, ஒன்றைப் பதிவேட்டுக்கும் ஒன்றை வீட்டுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்படிக் கொல்லப்பட்ட ஒருத்தியின் பெயரைப் பிள்ளை நாள் முழுக்கச் சுமக்க வேண்டாம் என்று அந்த அம்மாக்களே நினைத்தார்கள், அவர்களைவிட அந்தத் துக்கம் நமக்கு அதிகம் தெரிந்துவிடுமா?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், எங்கள் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. எத்தியோப்பியாவிலிருந்து 1984இலும் 1991இலும் வந்த யூதக் குழந்தைகளுக்கு வந்து இறங்கியதுமே அதிகாரிகளும் ஆசிரியர்களும் எபிரேயப் பெயரை ஒட்டிவிட்டார்கள், பெரியவர்களான பிறகு பலர் தங்கள் அம்ஹாரிக் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். அரபு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் வகுப்பறையில் இதே கதை நடந்திருக்கிறது. அது அநியாயம், எதிரணி சொன்னது சரி. ஆனால் அது எழுத்தர் வைத்த பெயர், நாம் பேசுவது பெற்றவர்கள் ஆசையாகத் தேடி வைக்கும் பெயர். ஏமனிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் 1957இல் டெல் அவிவின் ஹாத்திக்வா பகுதியில் பிறந்த மகளை ஓஃப்ரா என்று கூப்பிட்டது, அந்த ஓஃப்ரா ஹாஸா ஏமன் யூதர்களின் பழைய பாடல்களை உலகமெல்லாம் கொண்டுபோனார். புதுப் பெயர் வைத்ததால் அந்தப் பாட்டு மறந்தா போயிற்று?

கடைசியாக அந்தத் தம்பி ஜோக் அடித்தாரே, வெளிநாட்டுக்குப் போனால் சிரிப்பார்கள் என்று. ஆமாம், மோரான் என்ற அழகான பூச்செடியின் பெயர் ஆங்கிலக்காரன் காதில் அறிவிலி என்று விழும், ஓஸ்னாத் என்றால் மூக்குச்சளியைச் சொல்லும் 'ஸ்னாட்' என்று கேட்டு அவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். ஓஸ்னாத் யோசேப்பின் மனைவி பெயர், தம்பி! வேதாகமத்துப் பெயர், உங்கள் கட்சிப் பெயர்! சிரிப்புக்குப் பயந்தால் இரண்டு பக்கமும் பயப்பட வேண்டியதுதான். இன்றைய அம்மாக்கள் விவரமானவர்கள், பெயரை வைக்குமுன் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கும், விமான நிலையத்தில் எப்படிக் கூப்பிடுவான் என்று நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார்கள். தொண்டையிலிருந்து காறிச் சொல்லும் எழுத்து இல்லாத நோவா, மாயா, தால்யா மாதிரிப் பெயர்கள் இப்போது ஏன் அதிகம் என்று நினைக்கிறீர்கள்? கால் என்றால் அலை, நடிகை கால் கதோத் அந்த ஓரெழுத்து மாதிரிப் பெயரோடு ஹாலிவுட்டில் குப்பை கொட்டவில்லையா?

ஆமாம், கால், தால், ஷஹார், யுவால் எல்லாம் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். எபிரேயத்தில் 'நீ' என்று சொல்லவே எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும், அதனால் பெயரை மட்டும் பார்த்துக் கடிதம் எழுதும் வங்கிக்காரர் கொஞ்சம் முழிப்பார். முழிக்கட்டும். பையனா என்று நினைத்து நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தபின் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் ஒரு கேள்வி எதிரணிக்கு வைத்திருந்தேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அதை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் கேட்பார். நன்றி, வணக்கம்.