டிஸ்பென்சரிச் சாவி யாரிடம்?

(இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, அம்மன் கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, மண்டபத்தைத் தந்த அதிபர் அம்மா அவர்களே, நான்கு தொழிற்சங்கங்களிலிருந்து வந்து நான்கு மூலைகளில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம். யாராவது விடுபட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன தடவை தர்மகர்த்தா ஐயாவை மறந்துவிட்டு, மூன்று மாதம் பொங்கலே கிடைக்கவில்லை. அதிபர் அம்மா மைக்கையும் தந்து, முன்னால் ஒரு மணிக்கூட்டையும் வைத்திருக்கிறார். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனை இப்படிச் சந்தேகப்படலாமா?

மூன்று விஷயம் பேச வந்தேன். வரி, பஸ், வைத்தியம்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சிரிக்கிறீர்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இது வரும் என்று தெரியும். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘இலுப்பைப்பூ சேர்’ என்றுதானே பெயர்?

முதலில் வரி. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை என்று கொழும்பில் சிலர் பேசுகிறார்கள். கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வற் வரி 2019 கடைசியில் நூற்றுக்கு 8 ஆகக் குறைந்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த வருடமே வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. சவர்க்காரக் கட்டிக்குத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையும் 18தான் கட்டுகிறார், கொழுந்தெடுக்கும் அம்மாவும் 18தான் கட்டுகிறார். சரி, கட்டியாயிற்று. திரும்பி என்ன வந்தது?

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது. எங்கள் அத்தை வேலை செய்த மலையில் குளவி கலைந்துவிட்டது. ஏழு பெண்களுக்குக் கொட்டு. அத்தைக்குத்தான் அதிகம். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிவிட்டன. கம்பளியில் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. மருந்து கொடுக்கிற ஐயா டவுனுக்குப் போயிருக்கிறார். சாவி எங்கே? ஆபீசில். ஆபீசுக்கு ஒரு பையன் ஓடினான். துரை சொல்லாமல் சாவி தர முடியாது என்றார் கிளாக்கர். துரை எங்கே? கிளப்பில், பந்தடிக்கிறார். பையன் கிளப்புக்கு ஓடினான். இங்கே ஒரு கிழவி வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து ஏழு பேருக்கும் பூசி முடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து லொறி வந்தது. “ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார் டிரைவர். கணக்கப்பிள்ளை குறுக்கே நின்றுகொண்டு, முதலில் கொழுந்தை நிறுத்து இறக்க வேண்டும், வாடிவிடும் என்றார். கம்பளிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது: “கணக்கப்பிள்ளை ஐயா, என்னையும் தராசுல போடுங்க. நானும் வாடிக்கிட்டுத்தான் கெடக்கேன்.”

அவர் வாயே திறக்கவில்லை. கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் ஏழு பேரும் போய்ச் சேர்ந்தார்கள், பிழைத்தார்கள். அத்தையின் தலைமுடியிலிருந்து நர்ஸம்மா ஒரு தேத்தண்ணிக்குப் போதுமான கொழுந்து எடுத்தாராம். சம்பள நாளில் பார்த்தால், அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்திருக்கிறது. சாவி? பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளைக் குளிசையும் ஒரு போத்தல் இருமல் மருந்தும்.

அதுதான் எங்கள் இலுப்பைப்பூ.

இன்றைக்கு மேடைகளில் என்ன சண்டை? அரசாங்கச் செலவில் வெட்டு வேண்டும், வேண்டாம் என்பது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் உடன்படிக்கை நிபந்தனைகளோடு வந்தது. நேற்று வெட்டியவர்கள் இன்று வெட்டாதே என்கிறார்கள். நிபந்தனைகளைத் திருத்திப் பேசுவோம் என்று வாக்குக் கேட்டவர்களின் ஆட்சியிலும் அதே உடன்படிக்கைதான் ஓடியது. நான் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. என் கவலை வேறு.

வெட்டுவதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டாமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து குறைந்தால் பாராளுமன்றத்தில் கேள்வி வரும். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து முடிந்தால் யார் கேட்பது? அது தோட்டக் கம்பெனியின் செலவுக் கணக்கில் ஒரு சின்னப் பதிவு. 1990களில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பிறகு வேகம் குறைந்துவிட்டது. சுகாதார அமைச்சின் புத்தகத்தில் இல்லாத டிஸ்பென்சரியை யாரும் வெட்டவும் மாட்டார்கள், காப்பாற்றவும் மாட்டார்கள்.

2024இல் ஒரு சட்டம் வந்தது. வட்டி போக அரசாங்கம் செய்யும் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 13ஐத் தாண்டக்கூடாது. பானைக்கு மூடி போட்டாயிற்று என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் தங்கள் பங்குக்காகச் சண்டை பிடிக்கலாம். வெளியே நிற்பவன் எப்படி உள்ளே நுழைவது? வெட்டைப் பற்றிப் பேசுகிற எந்தக் கட்சியும் இதைப் பேசக் காணோம்.

முடியாது என்று சொல்லாதீர்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களும் ஒரு காலத்தில் தோட்டத்திடம்தான் இருந்தன. 1970களில் அரசாங்கம் எடுத்தது. எடுத்தபடியால்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் இலுப்பைப்பூ கதை சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு ஆலை கிடைத்தது. வைத்தியத்துக்கு இன்னும் பூதான்.

பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கோபிக்க வேண்டாம். முன்பெல்லாம் எங்களிடம் வாக்கு வாங்கலாம், தோட்டத்துக்குள் ஒரு லைட் போட முடியாது. 2018இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தடையை எடுத்தார்கள். ஆகவே அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: நம் பிரதேசத்தில் உள்ள தோட்ட டிஸ்பென்சரிகள் எல்லாவற்றையும் அரச சுகாதார சேவைக்குள் எடுக்க வேண்டும், கட்டடத்தோடு, ஆளோடு, மருந்துச் செலவோடு. மாகாண சபையில் கொடுக்கலாம் என்றால், மத்திய மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்துவிட்டது. அதனால் மகஜரை ஆளுநருக்கும் சுகாதார அமைச்சருக்கும் எழுதியிருக்கிறோம்.

அதிபர் அம்மா மணிக்கூட்டைத் திருப்பி வைக்கிறார். பஸ்ஸைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, அது அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் மேசை போட்டிருக்கிறது, பேனையும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கடைசி பஸ் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். டிரைவர் தம்பியும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.