மிஞ்சியது பயமே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் விழாவுக்கு வந்து இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். "பிளஸ் டூ நெருக்கடியால் நமக்கு மிஞ்சியது பலமே! பயமே!" என்று தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பலமே, பலமே என்று மூன்று தடவை மேசையைத் தட்டினார். நான் தட்டப்போவதில்லை. எங்கள் அணிக்குத்தான் பலமே மிஞ்சவில்லையே.

முதலில் ஒன்று கேட்கிறேன். படித்து முடித்து இத்தனை வருடம் ஆன பிறகும் பரீட்சைக் கனவு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். நன்றி. இரண்டாவது வரிசையில் ஒரு ஐயா இரண்டு கையையும் தூக்குகிறார். அவருக்குக் காலேஜ் அரியர் கனவும் சேர்ந்து வருகிறது போல.

நான் பிளஸ் டூ எழுதியது 1998 மார்ச்சில். இன்று வங்கியில் அதிகாரி. நான் கையெழுத்துப் போட்டால் லட்சக்கணக்கில் கடன் போகும். ஆனால் மாதத்தில் ஓர் இரவாவது கணக்குப் பரீட்சைக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். ஹால் டிக்கெட்டைக் காணோம். மாடிப்படி ஏற ஏற முடியவே மாட்டேன் என்கிறது. ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்து கேள்வித்தாளைத் திருப்பினால், வரலாறு. நான் வரலாறு குரூப்பே கிடையாது! வேர்த்து எழுந்து உட்கார்ந்தால், "நீதான் அன்னிக்கே பாஸ் பண்ணிட்டியேம்மா, படு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற தம்பி மனோதத்துவம் படித்தவர். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நூறு வருடத்துக்கு முன்பே ஃபிராய்டு இந்தக் கனவைப் பற்றி எழுதியிருக்கிறார். பாஸானவர்களுக்குத்தான் இது வரும், நாளைக்குப் பெரிய வேலை ஏதாவது இருந்தால் முதல் நாள் ராத்திரி வரும், "அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், ஒன்றும் ஆகவில்லையே" என்று மனசு நமக்குச் சொல்லும் ஆறுதல் அது என்பது அவர் விளக்கம். சரி, ஆறுதலாகவே இருக்கட்டும். ஆறுதல் சொல்ல வருகிற மாமா பகலில் வந்து காபி குடித்துவிட்டுச் சொல்லக் கூடாதா? நடுராத்திரியில் கதவை உடைத்து, எழுப்பி, நெஞ்சு படபடக்க வைத்துவிட்டா "பயப்படாதே" என்பார்? அப்புறம், இன்றைய வேலைக்குப் பயப்படுகிற மனசு பயத்தைக் கடன் வாங்க எந்த வருடத்துக்குப் போகிறது பாருங்கள். பிரசவத்துக்குப் போகவில்லை, வீட்டுக்கடனுக்குப் போகவில்லை. நேராகப் பிளஸ் டூவுக்குப் போகிறது.

அண்ணன் வைரத்தைச் சொன்னார். அழுத்தத்தில்தான் வைரம் பிறக்கிறதாம். அண்ணே, பெரும்பாலான வைரம் பூமிக்கடியில் நூறு கிலோமீட்டருக்கும் கீழே, நூறு கோடி வருடத்துக்கும் முன்னால் உருவானது. நீங்கள் ஜூனில் ஆரம்பித்து மார்ச்சில் வைரம் கேட்கிறீர்கள். அதோடு உள்ளே இருப்பது கரியா என்றும் பார்க்க வேண்டும். பூசணிக்காயை அந்த அழுத்தத்தில் வைத்தால் கூட்டு வைக்கக்கூட மிஞ்சாது.

அந்த ஒரு வருடம் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதல் வேலையாகக் கேபிள் கட். டிவிக்கு மேல் ஒரு பழைய போர்வை. விடிகாலை நாலு மணிக்கு அலாரம், தூக்கம் வராமலிருக்க வாளித் தண்ணீரில் கால். சொந்தத்தில் கல்யாணம் என்றால் வீட்டோடு கிளம்புவார்கள், எனக்கு மட்டும் சாம்பார் சாதம் மூடி வைத்திருக்கும். விருந்தாளி வந்தால் அப்பா வாசலிலேயே, "பாப்பா பிளஸ் டூ" என்பார். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லும் அதே குரலில். வந்தவரும் அதே மரியாதையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போவார்.

சிரித்தோமா? சிரித்தோம்தான். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் எந்த உப்பு என்று தெரியாமல் டெஸ்ட் டியூபை வைத்துக்கொண்டு நடுங்கினபோது, லேப் அட்டெண்டர் அண்ணன் தற்செயலாக மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துபோனார். அம்மோனியம் என்று எழுதிவிட்டேன். இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். எதிரணியினர் இப்படி நாலைந்து கதையை வைத்துக்கொண்டுதான் "அது ஒரு காலம்" என்று உருகுகிறார்கள். சுளுக்கு விட்டுப்போன பிறகு வலி யாருக்கு ஞாபகம் இருக்கும்? தைலம் தேய்த்துவிட்ட பாட்டிதான் ஞாபகத்தில் நிற்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. எங்கள் கிளாசில் நாற்பத்திரண்டு பேர். ரிசல்ட் அன்றைக்கு மாலைப் பேப்பரில் நம்பரைத் தேடினோம். எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவளின் நம்பர் இல்லை. அதற்கு முன் நம்பர் இருக்கிறது, பின் நம்பர் இருக்கிறது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று இன்னொரு பேப்பர் வாங்கினோம். அதிலும் இல்லை. மார்க் ஷீட் வந்தபோது தெரிந்தது, கணக்கில் அறுபத்தாறு. இருநூறுக்கு எழுபது பாஸ். நாலு மார்க்.

மறுபடி எழுதியிருக்கலாமே என்று இன்று சுலபமாகச் சொல்லலாம். ஆனால் அன்று அவள் வீட்டில், "படிப்பு வரல" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் காலேஜுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பேட்ச்சுக்கு வாட்ஸப் குரூப் தொடங்கினோம். தேடித்தேடிச் சேர்த்தோம். அவளையும் கண்டுபிடித்தேன். சொந்தமாகத் தையல் கடை, நாலு பேருக்குச் சம்பளம் தருகிறாள். கல்யாண சீசனில் பிளவுஸுக்கு அவளிடம் பத்து நாள் காத்திருக்க வேண்டும். "குரூப்ல சேர்த்துவிடவா?" என்று கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள், "வேணாம்டி. அது பாஸானவங்க குரூப்தானே."

நடுவர் ஐயா, குரூப்புக்கு அப்படி ஒரு விதி யாரும் வைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். வராத ஆறு பேரும் அன்று நம்பர் வராதவர்கள். பலம் மிஞ்சியது என்று மைக்கைப் பிடித்துப் பேச அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இந்த மேடையில் இல்லை. ஜெயித்தவர்களை மட்டும் கூப்பிட்டு வைத்துப் போட்டி நல்லது என்று தீர்ப்பு எழுதலாமா?

நெருக்கடி சத்தான மருந்து என்றால் அரசாங்கமே ஏன் அளவைக் குறைத்தது? 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். மொத்த மார்க் ஆயிரத்து இருநூறை அறுநூறாக்கினார்கள். ரிசல்ட் நேரத்தில் பிள்ளைகள் கூப்பிட்டுப் பேச 104 என்று ஒரு நம்பரே வைத்திருக்கிறார்கள். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பிலிருந்து ஐம்பது சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து இருபது, பிளஸ் டூ பள்ளி மதிப்பெண்ணில் முப்பது என்று கூட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். என் கிளையிலேயே ஒரு பையன் இருக்கிறான். கணக்கு டாலி ஆகிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறானாம். அதுதான் எனக்குப் பொறாமை.

கடைசியாக, எனக்கு எதிராக நானே ஒரு சாட்சி சொல்ல வேண்டும். என் மகன் இப்போது பிளஸ் டூ. அடுத்த மாதம் பிராக்டிகல், மார்ச்சில் தேர்வு. அவன் பிறந்தபோதே முடிவு செய்திருந்தேன், என் வீட்டில் போர்வை போட்ட டிவி இருக்காது என்று. நேற்றுவரை அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் இங்கே பேச இதே குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் வந்து கேட்டான், "அம்மா, பத்து நாளா வைஃபை வரலையே, கம்பெனிக்குப் போன் பண்ணியா?"

பண்ணவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதே நான்தான். யாரும் சொல்லவில்லை. அவன் மார்க்கும் குறையவில்லை. ரிவிஷன் டெஸ்ட் டைம்டேபிளை ஃபிரிட்ஜில் ஒட்டின அன்று ராத்திரி எனக்கு அந்த மாடிப்படிக் கனவு வந்தது, அவ்வளவுதான்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். இன்னும் இரண்டு பக்கம் கையில் இருக்கிறது. ஆனால் மணி அடித்தால் பாதி வரியிலேயே பேனாவைக் கீழே வைக்கப் பழகினவள் நான். வணக்கம்.